ஒன்பது வாளி, ஏழு பேர்

1986 ஏப்ரல் 17, வியாழக்கிழமை. காலை 5.10க்குக் குழாயில் தண்ணீர் வந்தது. 5.40க்கு அண்ணன் பால் பூத்துக்குப் போனான். 6.00 மணிக்குப் பாத்திரம் தேய்க்கும் அக்கா வந்தார். 6.25க்குக் குளியல். 6.50க்கு இட்லி மூன்று. 7.10க்குப் பள்ளிக்குக் கிளம்பினேன். மதியம் 1.20க்குத் திரும்பினேன். வெயில் அதிகம். கணக்கு வகுப்பில் எழுந்து உண்மையைச் சொன்னேன்.

என் நான்காம் வகுப்பு டைரியில் உள்ளதை அப்படியே எழுதியிருக்கிறேன். கடைசி வரியின் கீழே சிவப்பில் கோடு போட்டிருக்கிறது. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம் என்று ஒரு பென்சில் அப்போது உண்டு, நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்பா அலுவலகத்திலிருந்து அதையும் கொண்டுவருவார், உபரி டைரிகளையும் கொண்டுவருவார். பென்சில் எப்போதோ தொலைந்துவிட்டது. டைரி இருக்கிறது.

சென்ற மாதம் அண்ணன் மகள் வந்திருந்தாள். குருகிராமில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள்.

"இப்பல்லாம் கணக்குலயே சோஷியல் ஜஸ்டிஸ் சொல்லித் தர்றோம் அத்தை. யாருக்கு எவ்ளோ தண்ணி, யாருக்கு எவ்ளோ இடம்னு பசங்களே எண்ணிட்டு வருவாங்க. அதை வெச்சே வகுத்தல், பின்னம், கிராஃப் எல்லாம். உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதில்ல?"

"கிடையாது" என்றேன்.

நான் பொதுவாகப் பொய் சொல்வதில்லை. அன்று இரவு படுக்கும் முன் அந்தப் பழைய டைரியைத் தேடி எடுத்தேன்.

நாட்டின் தலைநகரில், லக்ஷ்மிபாய் நகரில் நாங்கள் இருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ் தரைத்தளம். முன்னால் ஒரு சிறு புல்வெளி. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் முற்றம், முற்றத்துக் கதவைத் திறந்தால் பின்சந்து. சந்தின் எதிர்ப்பக்கம் வரிசையாகப் பதினொரு ஒற்றை அறைகள். அவற்றுக்கெல்லாம் சேர்த்து சந்து முனையில் ஒரே குழாய். காலையில் ஐந்திலிருந்து ஏழு வரையும் மாலையில் கொஞ்ச நேரமும் தண்ணீர் வரும். எங்களுக்கும் அதே நேரம்தான், ஆனால் எங்கள் குழாய் வீட்டுக்குள் இருந்தது.

பாத்திரம் தேய்க்கும் அக்கா அந்த அறைகளில் ஒன்றில் இருந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். காலையில் நான்கு வீட்டு வேலை முடித்து அவர் திரும்புவதற்குள் சந்துக் குழாய் நின்றுவிடும். அதனால் எங்கள் முற்றத்துக் குழாயில் மூன்று வாளி பிடித்துக்கொள்ள அம்மா விட்டிருந்தார். அந்த வாளிகளில் ஒன்று வாளியே அல்ல. எண்ணெய் டின்னின் மேல்பக்கத்தை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அறைந்தது. தண்ணீர் விழும்போது அதில் மட்டும் வேறு சத்தம் கேட்கும். படுக்கையில் இருந்தபடியே எத்தனையாவது வாளி என்று சொல்லிவிடுவேன்.

அக்காவின் மூத்த மகள் அங்கிருந்த தமிழ்ப் பள்ளியில் என் வகுப்பில் படித்தாள். என் பெஞ்சுக்கு அடுத்த பெஞ்ச். அவள் சில நாள் அம்மாவுக்குப் பதிலாக வாளியோடு எங்கள் பின்வாசலுக்கு வருவாள். நான் பல் தேய்த்துக்கொண்டே வேறு பக்கம் பார்ப்பேன், அவளும் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரும் சொல்லித் தராமலே வந்த ஏற்பாடு அது.

அந்த ஏப்ரலில்தான் புதிய கணக்கு மிஸ் வந்தார். நாகர்கோவில்காரர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தன் அக்காவோடு தங்கியிருந்தார். எங்களை "மக்களே" என்று கூப்பிடுவார். எங்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசுகிறவர்கள், அந்த வார்த்தையைக் கேட்டு முதல் நாள் சிரித்தோம். அவரும் சிரித்தார். பழைய சார் விடை சரியா தப்பா என்று மட்டும் பார்ப்பார். இவர் விடையைக் கேட்டுவிட்டு, "சரி, யாருக்குக் கூட, யாருக்குக் குறைய?" என்று இன்னொன்று கேட்பார். பாடப்புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஏனென்றால், அதுவரை கணக்கு என்னுடையதாக இருந்தது. தலைமையாசிரியர் அறைக்குப் போகும் வழியில் கம்பிவலை போட்ட பச்சைப் பலகை ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்பு முழுக்க அதில் என் தாள்தான். கோடு அளவெடுத்து, தலைப்பு நீலம், அடிக்கோடு சிவப்பு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிற்காமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவேன்.

தமிழ் வருஷப் பிறப்புக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, மிஸ் ஒரு வேலை கொடுத்தார். இன்று மாலையும் நாளைக் காலையும் அவரவர் வீட்டில் எத்தனை வாளி தண்ணீர் செலவாகிறது என்று எண்ண வேண்டும். வீட்டில் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். வகுக்க வேண்டும். சிறந்த தாள் பச்சைப் பலகைக்குப் போகும்.

நான் எண்ணிய மாதிரி யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அப்பா உள்ளேயிருந்து, "மூணாவது வாளி, எழுதிக்கோம்மா" என்று குரல் கொடுத்தார். குளியல், சமையல், துணி, பாத்திரம், செடி, தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஜன்னல் கூலர், பின்வாசல் எனத் தனித்தனி வரிசை. மொத்தம் முப்பத்தாறு வாளி. நான்கு பேர். ஆளுக்கு ஒன்பது. மீதியே இல்லாமல் வகுபட்டது. அழகாக இருந்தது.

புதன்கிழமை மிஸ் என் தாளைக் கையில் எடுத்து வரிசையாகப் படித்தார். ஓர் இடத்தில் நின்றார்.

"கூலர், அஞ்சு வாளி. உங்க வீட்டுல நாலு பேருன்னுல்லா எழுதியிருக்க? அஞ்சு வாளி குடிக்கிற இந்த ஆளை எண்ணலயே?"

வகுப்பு சிரித்தது. அவர் கேலியாகக் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது காது சுட்டது. பின்னாலிருந்து ஒருவன், "ஏ கூலர்!" என்றான். அந்த வருஷம் முழுக்க அதுதான் என் பெயர்.

அடுத்து அக்காவின் மகளுடைய தாள். தாள்கூட இல்லை, நோட்டிலிருந்து கிழித்த பக்கம். கோடுகள் துடைப்பக் குச்சியை வைத்துப் போட்டவை, ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்பது வாளி, ஏழு பேர். அப்பா, அம்மா, சித்தப்பா, நான்கு பிள்ளைகள். ஆளுக்கு ஒன்று, மீதி இரண்டு. சந்துக் குழாய் ஆறு வாளி என்று எழுதி, அதன் கீழே 'வேறு இடம்' மூன்று வாளி என்று எழுதியிருந்தாள். எந்த இடம் என்று எழுதவில்லை.

மிஸ் அதைப் பார்க்கவில்லை. கோடு போட்டுப் பிரித்த கடைசிப் பத்தியைப் பார்த்தார்.

"இது என்ன மக்கா? காலடின்னு போட்டிருக்க?"

"எங்க வூட்ல இருந்து கொழாய்க்கு எழுவது அடி மிஸ். வேற எடத்துக்கு இருவத்தஞ்சு. ஒரு நடைக்கு ஒரு வாளிதான். எல்லாத்தையும் கூட்டிக்கினேன்."

"எவ்வளவு வந்துது?"

"தொள்ளாயிரத்து தொண்ணூறு."

நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஆறு எழுபது நானூற்று இருபது, மூன்று இருபத்தைந்து எழுபத்தைந்து. நானூற்றுத் தொண்ணூற்றைந்து. தப்பு. கையைத் தூக்கிவிட்டேன்.

"மிஸ், ரெண்டு மடங்கு போட்டுட்டா."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "காலி வாளி எடுத்துக்கினு போறதும் நடதான?"

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இப்படி ஒரு பத்தி போடச் சொல்லி நான் சொல்லலியே மக்களே. இது அவளா போட்டது. இதுதான் கணக்கு" என்றார்.

இத்தனை வருஷம் கழித்தும் இந்த இடத்தில் பேனாவை அழுத்தித்தான் எழுதுகிறேன். ஒரு பத்தி! பத்திகள் போடுவது என் வேலை. எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலுக்குக்கூட நான்தான் பத்தி பிரித்துக் கொடுப்பேன். ஏழு வரிசை போட்ட எனக்கு அந்த ஒன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எங்கள் வீட்டில் அதில் எழுத ஒன்றுமில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. அவள் வீட்டில் பின்னம் இருந்தது, மீதி இருந்தது, நடை இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக வகுபட்டது. அது பெரிய குறையாகப் பட்டது.

அன்றே அவளுடைய பக்கம் பச்சைப் பலகைக்குப் போனது. மிஸ் ஒரு பெரிய சார்ட் தாளில் அதைத் தன் கையால் எழுதி ஒட்டினார். மேலே அவள் பெயர், கீழே 'ஒன்பது வாளி, ஏழு பேர்.' பள்ளி விட்டதும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் நின்று படித்தார்கள். ஒருத்தி, "ஒரு வாளிலயா குளிக்கிறா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அக்காவின் மகள் அங்கே நிற்காமல் போனாள். பெருமை தலைக்கேறிவிட்டது, அதனால்தான் நிற்கவில்லை என்று அன்றைய டைரியில் எழுதியிருக்கிறேன். நானாயிருந்தால் அப்படித்தான் போயிருப்பேன்.

அன்று மாலை நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் குளியலறையிலிருந்து ஜன்னல் கூலர் வரை பதினோரு அடி. வாளியைத் தூக்கிக்கொண்டு ஐந்து முறை போய் வந்தேன். தரையெல்லாம் தண்ணீர்.

"என்னடி பண்றே?" என்றார் அம்மா.

"நடை எண்றேன்."

அண்ணன் படுக்கையில் சாய்ந்தபடி, "பாவம்மா, கூலருக்குத் தாகமாம்" என்றான். அதற்குள் பெயர் அவனுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

நூற்றுப் பத்து காலடி. புதுத் தாளில் புதுப் பத்தி போட்டு எழுதினேன். வியாழக்கிழமை காலை வகுப்பு தொடங்குமுன் மிஸ்ஸிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். "நல்லது மக்கா" என்று என் தலையைத் தொட்டுவிட்டு மேசை மேல் வைத்தார். அதன்மேல் வருகைப் பதிவேட்டை வைத்தார்.

அந்தப் பதிவேட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த என் தாளைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் பட்டது 'பின்வாசல்: 3' என்ற வரி. அவள் தாளில் 'வேறு இடம்: 3.' ஒரே மூன்று வாளி இரண்டு வீட்டுக் கணக்கிலும் ஏறியிருக்கிறது.

எழுந்தேன்.

"மிஸ், போர்டுல இருக்கிற கணக்கு தப்பு. அவ எழுதின மூணு வாளி எங்க வீட்டுத் தண்ணி. அவங்க அம்மா எங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சுட்டு எடுத்துட்டுப் போறாங்க. அது எங்க கணக்குல ஏற்கெனவே இருக்கு."

மிஸ் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஆசிரியர்கள் செய்வதைச் செய்தார், அதைப் பாடமாக்கினார்.

"சரி மக்களே. ஒரே வாளியை ரெண்டு தடவை எண்ணப்பிடாது, அது நியாயம்தான். அப்போ யார் கணக்குல இருந்து எடுக்கணும்? கொடுத்த வீட்டுல இருந்தா, வாங்கின வீட்டுல இருந்தா? யோசிச்சுச் சொல்லுங்க."

நல்ல கேள்வி. என் அண்ணன் மகள் கேட்டால் கைதட்டுவாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. செலவு பண்ணினவங்க கணக்குதான் என்றார்கள் சிலர். குழாய் யார் வீட்டுலயோ அவங்க கணக்கு என்றார்கள் சிலர். நான் உரக்க, "எங்க குழாய்" என்றேன். மிஸ் உற்சாகத்தில் கன்னம் சிவந்து நின்றார். கரும்பலகையில் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினார். அவள் வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை வகுப்புக்குக் காட்ட வந்தவர், அந்த ஐந்து நிமிஷம் அவளை மறந்துவிட்டார்.

அவள் எழுந்தாள்.

"எங்க கணக்குல இருந்தே எடுத்துடுங்க மிஸ்."

"ஏன் மக்கா? நீங்கதானே செலவழிச்சீங்க? நீ எழுதினதும் சரிதான்."

"வேணாம் மிஸ். ஆறுன்னே போடுங்க. நாளைல இருந்து அது கரெக்டா இருக்கும்."

மிஸ் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஏழு பேருக்கு ஆறு வாளி என்று போட்டார். ஆளுக்கு ஏழில் ஆறு பாகம். "ஒண்ணுக்கும் குறைய மக்களே, பாத்தீங்களா" என்று அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். காலடி எண்ணூற்று நாற்பது ஆனது. இடைவேளையில் புது சார்ட் எழுதி ஒட்டினார். பழையதைவிடப் பெரியது. 'ஆறு வாளி, ஏழு பேர்.' நான் வாதாடி ஜெயித்து, அவளை இன்னும் பெரிய எழுத்தில் பலகையில் ஏற்றியிருந்தேன்.

மாலை 6.30க்கு அக்கா வந்தார். எப்போதும்போல் பாத்திரம் தேய்த்தார், கவிழ்த்து வைத்தார், முற்றத்தைக் கழுவிவிட்டார். சில மாலைகளிலும் தண்ணீர் எடுத்துப் போவார். அன்று வாளி எதுவும் கொண்டுவரவில்லை.

"காலைலயும் பிடிக்கலபோல இருக்கே. தண்ணி எடுத்துட்டுப் போயேன்" என்றார் அம்மா.

"காலைல எடுத்துனு போனேம்மா. இனிமே வேணாம், பைப்புலயே கெடச்சிடுது."

"எப்படிக் கிடைக்கும்? இந்த வெயில்லயா?"

அக்கா சிரித்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார். கதவருகே என்னைப் பார்த்து, "நல்லாப் படிக்கிறியாம்மே, பாப்பா சொல்லிச்சு" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று நாற்பது வருஷமாக யோசிக்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணன்தான் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவனுக்குப் பள்ளி முழுக்கத் தெரிந்திருந்தது. அம்மா என்னை அடிக்கவில்லை. "குடுத்ததை நாலு பேர் முன்னாடி சொல்லிக் காட்டுவாளா ஒருத்தி?" என்றார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "மூணு வருஷமா குடுக்கறேன்" என்றார். அம்மாவும் கணக்கு வைத்திருந்தார் என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் பாத்திரம் கழுவ அக்கா தினமும் சுமந்த நான்கு வாளிக்கு யார் வீட்டிலும் நடை எழுதவில்லை. அதை நானும் இப்போதுதான் எழுதுகிறேன்.

அக்கா அதன் பிறகு எங்கள் முற்றத்தில் வாளி வைக்கவே இல்லை. டின்னில் தண்ணீர் விழும் அந்தச் சத்தத்தை நான் மறுபடி கேட்கவில்லை. மே மாதம் லீவு விட்டது. ஜூலையில் அவள் பெஞ்சில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். முனிர்கா பக்கம் குடிபோய்விட்டார்கள் என்றார்கள். பச்சைப் பலகையில் அந்த சார்ட் மட்டும் ஓரம் சுருண்டு ஆகஸ்ட் வரை இருந்தது. நான் அந்தப் பக்கம் போகும்போது தலையைத் திருப்பாமல் போகப் பழகிக்கொண்டேன்.

இவையெல்லாம் பிறகு நடந்தவை. ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமைக் காலையில் முதலில் செய்ததை இங்கே எழுத வேண்டும். டைரியில் அதை எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் 5.40 பால் பூத் என்றுதான் தொடங்குகிறது.

5.10க்குத் தண்ணீர் வந்தது. பல் தேய்க்கவில்லை. பெரிய இரும்பு வாளியை முற்றத்துக் குழாயில் வைத்து நிரப்பி, பின்கதவைத் திறந்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சந்தில் இறங்கினேன். மனம் வருந்திப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எண்ணிக்கொண்டே போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சந்துக் குழாயில் வரிசை நின்றது. அதில் அவளுடைய டின் ஐந்தாவதோ ஆறாவதோ. வாளியை அவள் முன்னால் வைத்தேன். பாதி வழியிலேயே சிந்தி, என் பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது.

அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "அரை."

"இன்னும் கொண்டு வரேன்."

"எத்தன அடி வந்துச்சு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "நாப்பத்தொண்ணு."

"இருவத்தஞ்சுதான்."

"நடுவுல ரெண்டு தடவை கீழ வெச்சேன்."

அவள் சிரித்தாள். வகுப்பில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "நட எண்ணவா வந்த?"

அவள் தம்பியின் தலையிலிருந்து சீப்பை எடுக்காமலே வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினாள், சிந்தாமல், மெதுவாக.

"எடுத்துனு போ. போர்டுல ஆறுன்னு ஒட்டிட்டாங்க. இத வாங்கினா கணக்கு தப்பாயிடும். அப்புறம் நீ திரும்ப எழுந்து நிப்ப."

வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். இப்போது லேசாக இருந்தது, எங்கும் கீழே வைக்கவில்லை. முப்பத்திரண்டு. வீட்டில் எல்லோரும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அரை வாளித் தண்ணீரைக் கூலரில் ஊற்றினேன்.